பழைய ஐ.சி.எஃப். ரயில் பெட்டி: ஓடிய காலமும் மீட்டெடுக்கும் வேலையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். (இன்டக்ரல் கோச் ஃபேக்டரி) தொழிற்சாலையின் பழைய வடிவமைப்பில் வந்த அகலப்பாதைப் பயணிகள் பெட்டி. 1955 அக்டோபர் 2 அன்று நேரு அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். சுவிட்சர்லாந்தில் சூரிச்சை ஒட்டியுள்ள ஷ்லீரன் நகரில் இயங்கிய சுவிஸ் கார் அண்டு எலிவேட்டர் நிறுவனம் தந்த வடிவமைப்பு அது. முதலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளின் வெற்றுக் கூடுகள் (பட்டறைப் பேச்சில் ‘ஷெல்’) மட்டுமே பெரம்பூரில் உருவாயின. இருக்கை, விளக்கு, கழிப்பறை எல்லாம் ரயில்வே பட்டறைகளில் பொருத்தப்பட்டன. உள்வேலைகளுக்கான தனிப் பிரிவு 1962இல் வந்தது. இந்த வடிவமைப்பின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரி 19 அன்று வெளியேறியது. அறுபது ஆண்டுக்கு மேல் இந்தியா பயணம் செய்தது பெரும்பாலும் இந்தப் பெட்டியில்தான். ஆனாலும் நீராவி எஞ்சினைக் காப்பாற்ற வருகிறவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வருவதில்லை. இப்போது கவனிக்காவிட்டால் பழைய சிவப்புப் பெட்டி ஒன்றுகூட முழுமையாக மிஞ்சாது.

இதற்கு முந்தைய பெட்டிகளிலிருந்து என்ன வேறுபாடு?

முந்தையவற்றில் எஃகு அடிச்சட்டம் தனி, அதன் மேல் உட்கார்ந்த மர உடல் தனி. மோதலில் ஒரு பெட்டியின் அடிச்சட்டம் அடுத்த பெட்டியின் மர உடலுக்குள் புகுந்துவிடும். உயிரிழப்புகளுக்குப் பெரிய காரணம் அதுவே. ஐ.சி.எஃப். பெட்டியில் பக்கச் சுவர், கூரை, தரை, முகப்பு எல்லாம் வெல்டிங்கால் ஒரே குழாயாக இணைந்து, சுமையைச் சேர்ந்தே தாங்குகின்றன.

மீட்டெடுப்பவர் மனதில் முதலில் பதிய வேண்டியது இதுதான். தரைக்கு அடியில் நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக ஓடும் தகடு (‘ட்ரஃப் ஃப்ளோர்’) வெறும் மூடி இல்லை. நடுவில் முதுகெலும்பு போன்ற தனி உத்தரம் இந்தப் பெட்டிக்குக் கிடையாது. பஃபரில் (பெட்டியின் முனையில் மோதலை வாங்கும் தடுப்பு) விழும் தள்ளுவிசையை அந்த மடிப்புத் தகடும் இரு பக்கச் சட்டங்களான சோல்பார்களும்தான் சுமக்கின்றன. அதனால் தரையில் விழும் துரு அழகைக் கெடுப்பதோடு நிற்காது, பெட்டியின் பலத்தையே தின்னும்.

முக்கிய அளவுகள்?

உடல் நீளம் 21,337 மி.மீ., பஃபர் முனையிலிருந்து மறுமுனைவரை 22,297 மி.மீ. அகலம் 3,245 மி.மீ., தண்டவாள மட்டத்திலிருந்து உயரம் 4,025 மி.மீ. இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையே 14,783 மி.மீ., ஒரு போகிக்குள் அச்சுகளுக்கு இடையே 2,896 மி.மீ. புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ. பக்கச் சுவர்த் தகடு 2 மி.மீ., கூரைத் தகடு 1.6 மி.மீ. குளிர்சாதனம் இல்லாத பெட்டியின் வெற்று எடை 37 முதல் 40 டன் வரை. அதில் ஒவ்வொரு போகியும் ஏறத்தாழ 6 டன். (ஊரில் முழுப் பெட்டியையும் ‘போகி’ என்பார்கள். இந்தப் பக்கத்தில் போகி என்றால் நான்கு சக்கரமுள்ள அடிவண்டி மட்டும்.)

பெட்டியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்து இலக்க எண் இருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள் கட்டிய ஆண்டு. கடைசி மூன்றும் வகையைச் சொல்லும்: 201 முதல் 400 வரை படுக்கை வசதிப் பெட்டி, 401 முதல் 600 வரை முன்பதிவில்லாப் பொதுப்பெட்டி, 701 முதல் 800 வரை சரக்கும் கார்டு அறையும் கொண்டது. 93245 என்றால் 1993இல் கட்டிய படுக்கைப் பெட்டி.

இன்னும் பழையவற்றில் எண்ணில் ஆண்டு இருக்காது. தயாரிப்பாளர் தகட்டைத் தேட வேண்டும். அது கழன்று போயிருந்தாலும் முகப்புச் சுவரில் கடைசியாகப் பழுதுபார்த்த பட்டறையின் குறியீடும் தேதியும் எழுதியிருக்கும். ‘பி.இ.ஆர்.’ என்றால் பெரம்பூர், ‘ஜி.ஓ.சி.’ என்றால் பொன்மலை. இந்த எழுத்துகளைச் சுரண்டுவதற்கு முன் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ட்ரேசிங் தாளில் வடிவத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்டை அடுக்கடுக்காகத் தேய்த்தால் அடியில் பழைய எண், பழைய வகுப்புக் குறி எல்லாம் தெரியும். அவற்றையும் பதிவு செய்யுங்கள்.

ஒரு பெட்டி எத்தனை ஆண்டு ஓடும்? பிறகு?

ரயில்வே வகுத்த ஆயுள் 25 ஆண்டு. அதற்குள் மாதாந்திர, மூன்று மாதப் பராமரிப்புகள் பணிமனையில் நடக்கும். ஏறத்தாழ 18 மாதத்துக்கு ஒருமுறை பட்டறைக்குப் போய் உடலைப் போகியிலிருந்து தூக்கி முழுப் பழுதுபார்ப்பு (பி.ஓ.எச்.) நடக்கும். பாதி ஆயுளில், 12 முதல் 15 ஆண்டுக்குள், தரையையும் உட்சுவரையும் கழற்றித் துருப்பிடித்ததை மாற்றும் பெரிய வேலை உண்டு. போபாலில் இதற்கென்றே ஒரு பட்டறை இருக்கிறது.

பயணிகள் சேவையிலிருந்து இறங்கியதும் எல்லாம் உடைப்புக்குப் போவதில்லை. சன்னல்களை அடைத்து, முகப்பில் அகலக் கதவு வைத்து, கார்களை ஏற்றும் பெட்டியாக மாற்றப்பட்டவை ஏராளம். சில ஊழியர் முகாம் பெட்டியாகவும் விபத்து மீட்பு வண்டியின் பகுதியாகவும் மாறின. 2020இல் கொரோனா தனிமைப் பிரிவுகளாக 5,000க்கும் மேற்பட்டவை மாற்றப்பட்டன. நிலைய வளாகங்களில் உணவகமாக நிற்பவையும் உண்டு. கார் ஏற்ற மாற்றிய பெட்டியை மட்டும் மீட்டெடுப்புக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். உள்பொருள் எதுவும் மிஞ்சியிருக்காது, முகப்பும் வெட்டப்பட்டிருக்கும்.

துரு எங்கே பிடிக்கும்? ஏன் அங்கே மட்டும்?

தண்ணீர் நுழைந்து வெளியேற முடியாத இடத்தில். இந்தப் பெட்டியின் நோய்கள் அனைத்துக்கும் வேர் இதுதான்.

முதல் இடம் கழிப்பறையின் அடிப்பகுதி. நான்கு கழிப்பறைக்கும் மேலே தலா 455 லிட்டர் தொட்டி, மொத்தம் 1,820 லிட்டர். குழாய் இணைப்பு கசியும், கழுவும் தண்ணீர் தரையின் விளிம்பு இடுக்கில் இறங்கும். உப்பும் அமிலமும் கலந்த அந்தத் தண்ணீர் ட்ரஃப் ஃப்ளோரின் மடிப்புகளில் தேங்கும். அங்கிருந்து சோல்பாருக்கும் முகப்பின் அடி மூலைக்கும் பரவும்.

இரண்டாவது, நுழைவாசல். பயணிகள் காலோடு கொண்டுவரும் மழைநீர், தரையைக் கழுவும் தண்ணீர் இரண்டும் வாசல் நிலைக்கு அடியில் போய்ச் சேரும்.

மூன்றாவது, பக்கச் சுவர் கீழே உள்நோக்கி வளையும் பகுதி. சன்னல் வழியே நுழையும் மழை உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே வழிந்து அங்கே இறங்குகிறது. அது வெளியேற வடிகால் துளைகள் இருக்கின்றன. தூசியும் வேர்க்கடலைத் தோலும் அழுகிய காப்புப் பஞ்சும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். பெயிண்ட் அடிப்பவர் புட்டியால் அடைத்துவிடுவதும் உண்டு. அடைத்த துளைக்கு மேலே இரண்டு மூன்று சன்னல் அகலத்துக்குச் சுவர் உள்ளிருந்து அரித்திருக்கும். வெளியே பார்த்தால் வழுவழுப்பாகத்தான் இருக்கும்.

கூரையில் காற்றுப்போக்கிகளின் விளிம்பும் மழைநீர் வழியும் ஓரக் கால்வாயும் மட்டுமே கவலை தருபவை. பிற்காலப் பெட்டிகளில் அரிப்பைத் தாங்கும் கார்ட்டன் எஃகு வந்தது, கழிப்பறைப் பகுதிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் வந்தது. இவை துருவைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. தேங்கிய ஈரத்தில் கார்ட்டன் எஃகும் சாதாரண எஃகைப்போலவே அரிக்கும்.

வாங்குமுன் அல்லது வேலை தொடங்குமுன் எப்படிச் சோதிப்பது?

250 கிராம் சுத்தியல், கூர் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், மீயொலித் தடிமன் மானி. இவை போதும். சுவரின் கீழ் அரை மீட்டரைச் சுற்றிவரத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும். புட்டி மட்டும் நிற்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. சோல்பாரின் உட்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. கழிப்பறைப் பகுதியில் கீழ் வளைவுத் தகட்டைச் சன்னல்போல வெட்டித் திறந்து பார்த்தே ஆக வேண்டும். இதைத் தவிர்த்துப் போடும் எந்த மதிப்பீடும் வேலை பாதியில் இரட்டிப்பாகும்.

பிறகு ஒரு சோல்பாரின் அடி விளிம்பில் முனையிலிருந்து முனைக்கு மீன்பிடி நைலான் நூல் இழுத்துக் கட்டுங்கள். நல்ல பெட்டி நடுவில் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். கட்டும்போதே கொடுத்த வளைவு அது. நடுப்பகுதி தொய்ந்திருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். இன்னொன்றைத் தேடுவது மலிவு.

தகடு மாற்றும் வேலையின் வரிசை என்ன?

முதலில் கூரைக் கசிவை அடையுங்கள். மேலே ஒழுகிக்கொண்டிருக்கக் கீழே செய்யும் வேலை வீண். அடுத்து உள்பொருள்களைக் கழற்றி எண்ணிட்டு வையுங்கள். திருகுகளையும் பலகை வாரியாகத் தனிப் பையில் போடுங்கள். அதன் பிறகுதான் தரை.

தரையை வெட்டுமுன் உடலைத் தாங்க வேண்டும். போகிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் இரு சோல்பாருக்கும் அடியில் குறைந்தது மூன்று மூன்று இடத்தில் திருகு ஜாக்கி வைத்து, கட்டிய நூலைப் பார்த்தபடி மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். தாங்கல் இல்லாமல் சோல்பாரை வெட்டினால் உடல் சில மில்லிமீட்டர் இறங்கும். அதோடு கதவுகள் இறுகும், சன்னல் சட்டங்கள் கோணும். பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஒரு பக்கத்தில் ஒரு மீட்டர் வெட்டி, புதியதை வெல்டு செய்து முடித்த பிறகே எதிர்ப்பக்கம் போங்கள். ட்ரஃப் ஃப்ளோரையும் துண்டு துண்டாகவே மாற்றுங்கள். மொத்தமாகப் பெயர்த்தெடுக்கக் கூடாது.

புதுத் தகட்டைப் பழையதன் மேல் ஒட்டுப் போடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து ஐந்தாறு மழைக்காலத்தில் இரண்டையும் தின்றுவிடும். அரித்ததற்கு அப்பால் நல்ல உலோகம்வரை வெட்டி, முனையோடு முனை சேர்த்து வெல்டு செய்ய வேண்டும். சுவரில் வெட்டு எப்போதும் தூணின் மையத்தில் விழட்டும். கார்ட்டன் எஃகுக்கு அதற்குப் பொருந்தும் வெல்டிங் ராடு வேண்டும். சாதாரண ராடு போட்டால் இணைப்பு மட்டும் முதலில் அரிக்கும்.

2 மி.மீ. தகடு சூட்டில் எளிதாக நெளியும். 25 மி.மீ. வெல்டு, 100 மி.மீ. இடைவெளி, பிறகு அடுத்தது என்று தாண்டித் தாண்டிப் போடுங்கள். ஆறியபின் இடைவெளிகளை நிரப்புங்கள். நெளிந்த இடத்தைப் புட்டியால் மறைக்காமல், சூடுகாட்டி ஈரத்துணியால் குளிர்வித்துச் சுருக்குங்கள்.

வெல்டிங்கின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தண்டவாளத்தில் மாட்டினால் மின்னோட்டம் அச்சு பேரிங் வழியாகப் போய் உருளைகளில் குழி விழும். வெளியே எதுவும் தெரியாது, ஓட்டும்போதுதான் பேரிங் சூடேறிக் காட்டும். பேட்டரி, மின் கட்டுப்பாட்டுப் பெட்டி இணைப்புகளையும் முன்பே கழற்றிவிடுங்கள்.

வடிகால் துளைகளைக் கடைசியாக ஒவ்வொன்றாகத் திறந்து, மேலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள். தகட்டின் உட்புறம் முழுக்கப் பிட்டுமின் கலந்த அரிப்புத்தடுப்புப் பூச்சு வேண்டும். அதற்குப் பிறகே தரைப் பலகை. பலகையின் வெட்டு விளிம்புகளை எப்பாக்சியில் நனைத்து அடைத்துவிடுங்கள். மேலே விரிக்கும் பி.வி.சி. விரிப்பைச் சுவரோரம் மேலே மடித்து ஏற்றுங்கள்.

போகியில் என்ன பார்க்க வேண்டும்?

உடலின் எடை முழுவதும் போகிக்குப் போவது பக்கத் தாங்கிகள் வழியாக. நடு அச்சாணி எடையைத் தாங்காது. இழுவிசையையும் திருப்பத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளும். பக்கத் தாங்கியில் எண்ணெய்க் குளத்துக்குள் எஃகுத் தகட்டின் மேல் வெண்கலத் துண்டு சறுக்குகிறது. வெண்கலம் புதிதில் 45 மி.மீ. தடிமன், 42க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தாங்கிக்கும் ஏறத்தாழ 2 லிட்டர், நான்குக்கும் சேர்த்து 8 லிட்டர் எண்ணெய். பல ஆண்டு நின்ற பெட்டியில் இந்தக் குளத்தில் எண்ணெய்க்குப் பதில் மழைத்தண்ணீரும் சேறும்தான் இருக்கும். உடலைத் தூக்கும்போதே சுத்தம் செய்யுங்கள்.

சுருள் வில்லுக்குள் இருக்கும் டேஷ்பாட்டும் (குதிப்பை அடக்கும் உருளை) எண்ணெயில் வேலை செய்வது. ஒவ்வொரு அச்சுப் பெட்டிக்கும் (அச்சின் முனையில் பேரிங் இருக்கும் கூடு) இரண்டு வீதம் மொத்தம் 16. திருத்திய வகையில் ஒன்றுக்கு 1.6 லிட்டர், பழைய வகையில் 1.4 லிட்டர். எண்ணெய் கசிவதற்கு ரப்பர் சீல் காய்ந்துபோவதுதான் காரணம். சீலை மாற்றாமல் எண்ணெய் மட்டும் ஊற்றினால் ஒரே மாதத்தில் காலியாகும். டேஷ்பாட் வறண்ட பெட்டி ஓடும்போது மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும்.

ரோலர் பேரிங்கைத் திறந்து பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, ஒரு பேரிங்குக்குச் சுமார் 1.75 கிலோ புதுக் கிரீஸ் இடுங்கள். நிறைத்துத் திணித்தால் சூடேறும். சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 1,600 மி.மீ. இருக்கிறதா என்று மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

வேக்குவம் பிரேக்கா, ஏர் பிரேக்கா? எதை வைத்துக்கொள்வது?

பழைய பெட்டிகள் வேக்குவம் பிரேக்கில் ஓடின. எஞ்சினில் 53 செ.மீ. பாதரச அளவுக்கு வெற்றிடம் இருக்கும், முகப்பில் ஒரே தடித்த குழாய் தொங்கும். ஏர் பிரேக்கில் இரண்டு குழாய்: பச்சை நிறத்தது பிரேக் குழாய், அழுத்தம் சதுர செ.மீ.க்கு 5 கிலோ, வெள்ளை நிறத்தது ஊட்டுக் குழாய், 6 கிலோ. சிலிண்டரில் அழுத்தம் 3.8 கிலோவரை ஏறும்.

பெட்டி ஓடப்போவதில்லை என்றால் கிடைத்த பிரேக்கை அப்படியே காப்பாற்றுங்கள். ஏர் பிரேக் பெட்டியில் அழகுக்காக வேக்குவம் குழாயை ஒட்டவைப்பது பார்க்க வருகிற பிள்ளைகளுக்குத் தவறான பாடம். நிற்கும் பெட்டியிலும் கைப்பிரேக்கை நம்பாமல் சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை ஆப்பு வையுங்கள்.

உள்ளே எந்தக் காலத்துக்குத் திருப்புவது?

ஒரு ஆண்டைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். பெரும்பாலான வேலைகள் கெடுவது இங்கேதான். கருஞ்சிவப்பு வெளிப்பூச்சு, உள்ளே நீலப் பஞ்சு இருக்கை, கூரையில் எல்.இ.டி. பட்டை விளக்கு என்று கலந்துவிட்டால் அந்தப் பெட்டி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அடையாளங்கள் சில. மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிந்தது, எனவே ‘3’ குறி அதற்கு முன்பு மட்டும். படுக்கைப் பெட்டியில் மரப்பலகையின் மேல் பஞ்சு வந்தது 1977இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சரானபின். அதற்கு முந்தைய ஆண்டென்றால் வெறும் பலகைதான். நீல நிறம் 1990களில் ஏர் பிரேக் பெட்டிகளோடு பரவியது. கருஞ்சிவப்புக்கு வேக்குவம் பிரேக் பொருந்தும், நீலத்துக்கு ஏர் பிரேக்.

மரப்பலகையைப் புதுப்பிக்கத் தேக்கே போடுங்கள். பழைய வார்னிஷைச் சுரண்டுகோலால் எடுங்கள், இயந்திரத் தேய்ப்பு வேண்டாம். கத்தியால் செதுக்கிய பெயர்களையும் தேதிகளையும் அது அழித்துவிடும். அவையும் பெட்டியின் வரலாறு, விட்டுவையுங்கள். அலுமினியச் சன்னல் சட்டம் எஃகில் நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் விரைவாக அரிக்கும். நடுவே ரப்பர் பட்டையும் அடைப்புப் பசையும் வையுங்கள்.

மின்சாரம்?

ஆரம்பத்தில் 24 வோல்ட். அச்சிலிருந்து தட்டையான பெல்ட் சுழற்றும் டைனமோ பேட்டரியை நிரப்பும். பிறகு 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர், வி-பெல்ட், 110 வோல்ட். பழைய ரப்பர் உறை ஒயர்களைத் தொட்டாலே உதிரும். எதையும் மிச்சம் வைக்காமல் மாற்றுங்கள், சுவிட்சுகளையும் விளக்குக் கிண்ணங்களையும் மட்டும் பழையதாகவே வையுங்கள். காட்சிப் பெட்டியில் விளக்குகளைப் பழைய குறைந்த வோல்ட்டிலேயே எரிப்பது பாதுகாப்பு. 230 வோல்ட்டை எஃகு உடலுக்குள் கொண்டுபோக நேர்ந்தால் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் உடலுக்குத் தனி எர்த்தும் கட்டாயம்.

பெயிண்ட் அடிப்பது எப்படி?

மணல்வீச்சு முறையில் வெள்ளி நிறம் தெரியச் சுத்தம் செய்து, அதே நாளில், முடிந்தால் நான்கு மணி நேரத்துக்குள் ப்ரைமர் ஏற்ற வேண்டும். சென்னைக் கடற்காற்றில் இரவு முழுக்க விட்டால் காலையில் மஞ்சள் படர்ந்திருக்கும். ப்ரைமர் இரண்டு கோட், புட்டி, தேய்ப்பு, சர்ஃபேசர் (பரப்பைச் சமமாக்கும் இடைப்பூச்சு), பிறகு மேற்பூச்சு இரண்டு கோட். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் அன்று பெயிண்ட் வேண்டாம். பளபளப்பு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, புட்டி 1 மி.மீ.க்கு மேல் ஏறக் கூடாது. வெயிலில் தகடு விரியும்போது தடித்த புட்டி முதலில் வெடிக்கும்.

உடலுக்குக் கெடுதலான பொருள்கள் இருக்குமா?

இருக்கும். பழைய பெட்டிகளின் காப்பிலும் மின்பலகைக்குப் பின்னாலும் கல்நார் இருக்கக்கூடும். சாம்பல் நிற நார்ப்பொருள் எதைக் கண்டாலும் ஆய்வுக்கூடம் இல்லை என்று சொல்லும்வரை கல்நார் என்றே கொள்ளுங்கள். துடைப்பமும் சாதாரண வேக்குவம் கிளீனரும் தொடக் கூடாது. உரிமம் பெற்றவர்களைக் கொண்டு ஈரமாக்கி அகற்றுங்கள். பழைய ப்ரைமரில் ஈயமும் குரோமேட்டும் உண்டு. உலர்தேய்ப்பு வேண்டாம், நீரில் நனைத்துத் தேயுங்கள், தூசி வடிகட்டும் முகமூடி போடுங்கள். கழிப்பறைக் குழாய்களை முதலில் கிருமிநீக்கம் செய்த பிறகே கழற்றுங்கள்.

தனியார் வாங்க முடியுமா? கொண்டுவருவது எப்படி?

கழித்துவிட்ட பெட்டிகள் ரயில்வேயின் ஐ.ஆர்.இ.பி.எஸ். இணையதளத்தில் மின்னேலத்துக்கு வரும். பெரும்பாலும் இரும்பு விலைக்கு, உடைத்தெடுக்கும் நிபந்தனையோடு. முழுதாக எடுக்க வேண்டுமென்றால் ஏலத்துக்கு முன்பே அந்தந்தக் கோட்டத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நிலைய உணவகத் திட்டங்களில் பெட்டி ரயில்வேக்கே சொந்தம், நடத்துபவர் உரிமக் கட்டணம் மட்டும் கட்டுகிறார்.

சாலையில் கொண்டுவர உடலும் போகிகளும் தனித்தனி. தூக்க சோல்பாரில் அதற்கென உள்ள இடங்களில் மட்டுமே கொக்கி. கயிற்றை வயிற்றின் குறுக்கே கட்டினால் கீழ் வளைவு நசுங்கும். நிறுத்தும் இடத்தில் 25 மீட்டர் நேர்ப்பாதை, ஜல்லி, வடிகால் வேண்டும். ஜல்லி இல்லாமல் மண்ணில் நிறுத்தினால் புல் ஈரத்தைப் பிடித்துவைத்து ட்ரஃப் ஃப்ளோரைக் கீழிருந்து தின்னும். தரை மட்டம் தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரம் என்பதால் மேடையோ சாய்தளமோ முன்பே திட்டமிடுங்கள்.

திரும்பவும் ரயிலில் இணைத்து ஓட்டலாமா?

ரயில்வேயின் சொந்தப் பட்டறையில் பழுதுபார்த்து, அவர்களே சான்று அளித்தால் மட்டும். வெளியில் செய்த வெல்டிங்குக்கு அந்தச் சான்று கிடைப்பது மிக அரிது. நிற்கும் பெட்டியாகவே நன்றாகச் செய்யுங்கள்.

முடித்த பிறகு என்ன பராமரிப்பு?

மழைக்காலத்துக்கு முன்பு வடிகால் துளைகளில் குச்சி விட்டுத் தூசி எடுங்கள், கூரையின் காற்றுப்போக்கி விளிம்பு அடைப்பைப் பாருங்கள். மழைக்குப் பிறகு தரைப் பலகையில் ஒன்றைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கழிப்பறைப் பக்கம் கட்டாயம். பார்வையாளர் பயன்பாட்டுக்குக் கழிப்பறைகளைத் திறக்காதீர்கள், தொட்டிகளை வறட்சியாகவே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆப்புகளை எடுத்து, பெட்டியை அரைச் சுற்று உருட்டி மீண்டும் ஆப்பு வைத்தால் பேரிங் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தாது. வெயில் நாளில் சன்னல் இலைகளை ஏற்றிக் காற்றோட்டம் கொடுங்கள். தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.